நடுரோட்டில் கஷாயச் சக்கை

காளியம்மன் சன்னதியில் கற்பூரத்தை அடித்துச் சொல்கிறேன்... இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது!

1958. சிங்கப்பூர் தேக்கா, பஃபலோ ரோடு.

"ஐயோ... எம்புருசன்!"

தங்கம் அலறிய அலறலில் எதிர்க்கடைப் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

இன்ஸ்பெக்டர் மரியசூசை ஓடிவந்தார். துடைப்பக்குச்சிக்குக் காக்கி மாட்டிவிட்ட மாதிரி ஆள்.

தரையில் வேலாயுதம். மூன்று ஆள் எடை, ஒரே வேட்டி. பக்கத்தில் காலிக் கிண்ணம். அடியில் கறுப்பாய் ஏதோ!

இன்ஸ்பெக்டர் நாடியைத் தேடினார்.

சதைக்குள் எங்கேயோ இருந்திருக்கும். கிடைக்கவில்லை.

"ஆளு குளோஸ்! கிண்ணத்துல என்னம்மா?"

"சீன மருந்துங்க. ஒடம்பு எளைக்க சீன வைத்தியரு, சின்சே குடுத்தாரு. தாமரை எலை, ஆரஞ்சுத் தோலு... இவரு ஒடம்புல ஈரம் தேங்கியிருக்காம்."

"ஈரமா? இவரென்ன ரோச்சோர் கால்வாயா? மிச்சம் எங்க?"

"சக்கைய நடுரோட்டுல கொட்டிட்டேன்."

இன்ஸ்பெக்டரின் மீசை துள்ளியது.

"தடயத்த அழிச்சிட்டே! தூக்குக் கயிறு நிச்சயம்!"

தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சின்சே சொல்லித்தான் ஐயா கொட்டினேன்! மிதிக்கிறவங்க காலோட நோய் போயிடுமாம்!"

"அப்படியா லா?"

இன்ஸ்பெக்டர் நடுரோட்டுக்குப் போனார். பூட்ஸ் காலால் சக்கையை நசநசவென்று மிதித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாரு... எனக்குத் தொப்பை வந்துச்சா? கதை விடாதே! கைய நீட்டு!"

விலங்கு பூட்டப்பட்டது.

அப்போது...

"தங்கம்... ரெண்டு தோசை..."

பிணம் பேசியது!

இன்ஸ்பெக்டர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்! நீ சாகலையா?"

"பசி மயக்கம் சார். மருந்தக் குடிச்சிட்டு 'மாக்கான் ஆங்கின்'னாரு சின்சே. மாக்கான்னா சாப்பிடறது, ஆங்கின்னா காத்துன்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க. முந்தாநாள்லேர்ந்து காத்தத்தான் சாப்பிடறேன்!"

"நீங்க கடையில மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் தங்கம்.

"கப்பல்லேர்ந்து இப்பத்தான் எறங்கின மனுசா! மலாய்ல மாக்கான் ஆங்கின்னா, காலாற நடந்துட்டு வான்னு அர்த்தம்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலையில் அடித்துக்கொண்டே எழுந்தவர், விலங்குச் சாவிக்காகப் பையைத் துழாவினார்.

படார்!

பெல்ட் அறுந்தது. பொத்தான்கள் பறந்தன. மரியசூசைக்கு ஒரு தொப்பை... வேலாயுதத்தின் அதே தொப்பை, மச்சத்தோடு!

அங்கே வேலாயுதத்தின் வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேனென்றது.

தங்கம் பணிவாகச் சொன்னாள்.

"ஐயா... ஒரு மாக்கான் ஆங்கின் போயிட்டு வாங்களேன்!"

கற்பூரச் சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும்... இன்ஸ்பெக்டர் மரியசூசை ரிட்டயரான அன்றும், வேலையில் சேர்ந்தபோது தைத்த அதே காக்கிக் கால்சட்டையைத்தான் போட்டிருந்தார். இடுப்பு இருபத்தெட்டு.