கவிழ்ந்து கிடந்த சப்பாத்துகள்

வாசலிலேயே சப்பாத்துகள் கவிழ்ந்து கிடந்தன.

சிட்னிக்குத் தெற்கே, கடலோரப் பற்றைவெளிக்குள் நுழையுமுன், செடிகளுக்கு நோய் தொற்றாமலிருக்கச் சப்பாத்தையும் சைக்கிள் சில்லையும் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷ் வைத்திருந்தார்கள்; அதன் பக்கத்தில், மருந்துத் தண்ணீர் மணக்கும் ஈரமணலில், பெரியதும் சிறியதுமாய்ப் பழைய சப்பாத்துகள், எல்லாமே அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி, ஒரே வரிசையில். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று நிரஞ்சினிக்குத் தோன்றத்தான் செய்தது. கை சும்மா இருந்தால்தானே?

"அம்மா, லீவ் இட்," என்றாள் மகள் அஞ்சலி, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி.

"கவிண்டு கிடந்தா வீட்டில சண்டை வருமடி. பொறு, வாறன்."

வீட்டில் இருக்கிற சண்டை போதாதா என்ன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.

வெண்மணல் பாதையின் இருபுறமும் இடுப்பளவுப் பற்றை, மாலை வெயிலில் தேன்வாசம். அஞ்சலி முன்னால் மிதித்துப் போனாள்; நிரஞ்சினி தன் சைக்கிளில் பின்னால். திடீரெனக் காற்று நின்றது, குருவிச் சத்தமும் நின்றது, பின்னால் பலர் மணலில் சரக் சரக்கென்று நடந்துவரும் ஓசை மட்டும் கேட்டது. திரும்பினாள். ஆளில்லை. அவளுடைய சில்லுத்தடத்தின் மேல் சப்பாத்துத் தடங்கள் தாமாகவே விழுந்தபடி வந்தன. அவளைத் தாண்டி முன்னே போயின.

"அஞ்சலி! நில்லு பிள்ளை!"

"ஐம் ஹியர், அம்மா." வளைவுக்கு அப்பாலிருந்து.

வளைவில் சைக்கிள் சரிந்து கிடந்தது. சில்லு இன்னும் சுற்றியது. பிள்ளை இல்லை. பற்றைக்குள் போன தடங்களின் நடுவே சின்ன வெறுங்கால் தடம். கத்தினாள். கை கால் கிழியப் பற்றைக்குள் தேடினாள். போனில் சிக்னல் இல்லை. நிமிர்த்தி வைச்ச என்ர கைதான் இதைச் செய்தது. வாசலுக்குத் திரும்பி ஓடினாள்.

வாசல் வரிசையில் ஒரு சோடி கூடுதலாய் இருந்தது. அஞ்சலியின் மஞ்சள் சப்பாத்து. நாடா கட்டியபடி, நிமிர்ந்து.

"என்ர பிள்ளையை விடுங்கோ!"

மற்றவற்றை ஒவ்வொன்றாய்த் திரும்பக் கவிழ்த்தாள். கனத்தன. உள்ளே கால் இருப்பதுபோல் எதிர்த்தன. ஒன்று கவிழ, பற்றைக்குள் ஒரு காலடி ஓய்ந்தது. கடைசியில் ஒரே ஒரு சின்னக் காலடி.

மஞ்சள் சப்பாத்தைத் தொட்டாள். சூடு. கவிழ்த்தால் அந்தக் காலடியும் ஓயும். கவிழ்க்காவிட்டால்?

"அம்மா..." தூரத்தில். இன்னும் தூரத்தில்.

இரண்டையும் அள்ளி நெஞ்சோடு இறுக்கினாள். அவை அவள் கைக்குள்ளேயே, ஒன்று மாற்றி ஒன்று, நடந்துகொண்டே இருந்தன.