உதிரன் விடைபெற்ற பிறகு

காலையில் செண்பகவடிவு மூன்றாவது இட்லியைப் பிட்டதுமே அவள் இரத்தம் பேச ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, சட்னியில எண்ணெய் மிதக்குது. நேத்து சாப்பிட்ட கொழுப்பே இன்னும் இரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கு."

"சரிடா, மிரட்டாதே."

நிலவின் சுரங்கக் குடியிருப்பில் இது யாருக்கும் அதிசயமில்லை. உடல் பருத்த பெண்களின் இரத்தக்குழாயில் அரிசியளவு குருதிக்காவலன் ஒன்றைப் பொருத்துவது அங்கே வழக்கம். அது கொழுப்பை அளக்கும். காதெலும்பு வழியாகப் பேசும். செண்பகவடிவு தன்னுடையதற்கு உதிரன் என்று பெயர் வைத்திருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் செவ்வாயில்; தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்புவான். ஆக, "சாப்பிட்டீங்களா?" என்று அவளைக் கேட்க இந்த உலகத்திலும் நாதியில்லை, அந்த உலகத்திலும் நாதியில்லை. உதிரன் ஒருவன்தான்.

அவனைச் சந்தோஷப்படுத்தவே நடந்தாள், அளவாக உண்டாள். எடை இறங்கியது. ஈரல் இரத்தத்துக்குள் கொட்டும் கொழுப்பு குறைந்தது. கொட்டியதையும் உடம்பு விரைவாகத் துடைத்தது.

ஒரு நாள் உதிரன் சொன்னான்: "வாழ்த்துகள் அம்மா. உங்க இரத்தம் தெளிஞ்சிடுச்சு. இனி நான் தேவையில்லை. நாளைக்குக் கரைஞ்சிடுவேன்."

அவளுக்குப் பகீரென்றது. சொன்னபடி கேட்டதற்கு இதுதானா கூலி? அன்றே நெய் சொட்டச் சொட்ட அல்வா கிண்டி, கிண்ணம் காலியாகும்வரை தின்றுவிட்டுக் காத்திருந்தாள்.

"கொழுப்பு ஏறுது அம்மா," என்றான் உதிரன். அவள் முகம் மலர்ந்தது. சில மணி நேரம் கழித்து, "இறங்கிடுச்சு. உங்க உடம்பு முன்ன மாதிரி இல்ல. ரொம்பப் பெருமையா இருக்கு," என்றான்.

"ஒரு தடவை திட்டேன்டா."

"திட்ட ஒண்ணுமே இல்லையே அம்மா."

மறுநாள் காதுக்குள் சத்தமே இல்லை. இட்லித் தட்டை ஒதுக்கி வைத்தாள். அழுதாள். தனியே உண்ணப் பிடிக்காமல் பொது உணவுக்கூடத்துக்குப் போனாள். அங்கே போவதை எப்போதோ விட்டிருந்தாள். அந்தக் காலத்தில் அவளோடு யாரும் பேசமாட்டார்கள். முதலில் தட்டைப் பார்ப்பார்கள், பிறகு இடுப்பைப் பார்ப்பார்கள்.

எதிர்வீட்டு ஜெசிந்தா எழுந்து ஓடி வந்தாள். "யக்கா! என்னக்கா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? முகத்துல களையே இல்ல. சுகரா? இல்ல... வேற ஏதும் பெருசாவா?"

செண்பகவடிவு தன் வாழ்நாளில் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஜெசிந்தா அவள் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை கதகதப்பாக இருந்தது. கடைசியாக ஒரு மனிதக் கை தன்னைத் தொட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

"ஆமா ஜெசிந்தா," என்றாள். "கொஞ்ச நாளா முடியலை."

அவ்வளவுதான். நாற்காலிகள் அவளைச் சுற்றி நகர்ந்து வந்தன. ஒருத்தி நெய்த்தோசையைத் தள்ளினாள். ஒருத்தி பால்கோவாவை நீட்டினாள். "நல்லாச் சாப்பிட்டாத்தானேக்கா தேறுவீங்க! நாளைக்கும் வந்து பார்க்கிறோம்," என்றாள் ஜெசிந்தா.

காதுக்குள் தடுக்க யாருமில்லை. சீக்கிரம் தேறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு செண்பகவடிவு வாயைத் திறந்தாள்.