கிணற்றுக்கு மேல் குசினி

புதுக் குசினியில் டைல்ஸ் பதித்து ஒன்பதாம் நாள் காலையில், அடுப்புத் திட்டுக்கு முன்னால், இரண்டு டைல்ஸுக்கு நடுவிலிருந்து ஒற்றைத் தலைமுடி ஒன்று நிமிர்ந்து நிற்பதைப் பஹீமா கண்டாள்.

மகளுடையதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கலியாணத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது. ரிப்காவும் அந்த எண்ணெய் இந்த எண்ணெய் என்று பூசி, வீடு முழுக்க முடி கொட்டிக்கொண்டு திரிகிறாள். பஹீமா குனிந்து இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. முழ நீளம் வந்த பிறகும் முடியவில்லை. ஈரமாக, வழவழவென்று, மீன் குடலை உருவுவதுபோல விரலுக்குள் வழுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் 'சொத்' என்று எதையோ விட்டுவிட்டு வந்தது. அடியில், ஊறிப்போன சோற்றுப் பருக்கை மாதிரி, வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

மோந்து பார்த்திருக்கக் கூடாது. மோந்தாள்.

ஆறு வற்றுகிற காலத்தில் கரையோரக் கண்ணாமரத்து வேருக்குள் சிக்கிச் செத்த மீனின் வாடை. அதற்குள்ளே, மெல்லியதாய், பழைய மல்லிகை எண்ணெய் வாடை. அந்த எண்ணெய் இப்போது கடைகளில் வருவதில்லை. அது யாருடைய தலைக்குப் பூசியது என்று பஹீமாவுக்குத் தெரியும். முடியைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அது எரியவில்லை, கொதித்தது.

குசினி அந்த இடத்தில் வந்ததே ஹவ்வா உம்மாவால்தான். காத்தான்குடியில் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் முதலில் பார்ப்பது வீட்டை, பிறகு பெண்ணை, நேரமிருந்தால் பெண்ணின் தாயை. ஏறாவூரிலிருந்து வந்த ஹவ்வா உம்மா ஒவ்வோர் அறையாகப் புகுந்து, ஜன்னல் கொழுக்கியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டு, பின்வாசலில் நின்றுகொண்டார்.

“என்னகா பஹீமா, குசினி வெளியாலயா? என்ட மகன் இல்ஹாம் மாரி மழைக்குள்ள குடையப் புடிச்சிட்டா சோறு திங்கப் போற?”

“உள்ளுக்குக் கட்டலாம் மாமி. ஹோலுக்குப் பக்கத்தில எடுக்கலாம்.”

“ஹோலுக்க கறி வாடை வரும். இந்தா, இதில கட்டுங்க. பிளேட்டும் போட்டிரிக்கு. அத்திவாரம் வெட்டுற வேலையும் மிச்சம்.”

ஹவ்வா உம்மா செருப்புக் காலால் தட்டிக் காட்டியது, மூடிக் கிடந்த கிணற்றை.

அந்தக் கிணற்றைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு, கேட்டவர்தான் இல்லை. இருபது வருடத்துக்கு முன் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, உப்பும் சேறும் நிறைந்த கிணறுகளையெல்லாம் மெஷின் வைத்து இறைத்தார்கள். ஒரு வீடு விடவில்லை. பஹீமா மட்டும் கேட்டடியில் நின்று, “எங்கட கிணறு எறைச்சாச்சு” என்று அவர்களைத் திருப்பி அனுப்பினாள். யார் இறைத்தது, எந்த மெஷினால் என்று விசாரிக்க அன்றைக்கு யாருக்கு நேரம்? அவரவர் தங்கள் வீட்டில் செத்தவர்களின் மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பஹீமாவின் வாப்பாவும் உம்மாவும் கிடைத்தார்கள். அவளுக்கு மூத்தவள், ராத்தா நிஸ்றா கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நாற்பதாம் நாள் கழிவதற்குள் கிணற்றுக்குக் கொங்கிரீட் பிளேட் விழுந்தது.

வீடு நிஸ்றாவுக்கு எழுதிய வீடு. மாப்பிள்ளையும் நிஸ்றாவுக்குப் பேசி, மோதிரம் போட்டு வைத்திருந்த மாப்பிள்ளை. இரண்டும் பஹீமாவுக்கு வந்தன. மோதிரம் மட்டும் வரவில்லை. அந்த மாப்பிள்ளை சவூதிக்குப் போனவர் போனவர்தான், அது வேறு கதை.

பெரியகல்லாற்றிலிருந்து வந்த சுதாகரன் மேசன் பிளேட்டைச் சுற்றி நைலோன் நூல் கட்டி, சுவர் வரும் இடங்களைக் குறித்துவிட்டு, சுத்தியலின் பிடியால் நடுவில் மெல்லத் தட்டிப் பார்த்தான். காதைச் சாய்த்தான். இன்னொரு தரம் தட்டினான்.

“அக்கா, இத உடைச்சி மண்ணப் போட்டு நிரப்புவம்.”

“உடைக்கவே கூடாது. அப்பிடியே டைல்ஸ ஒட்டுங்க.”

“அப்ப ஒரு பைப்பாவது விடணும். கிணத்த மூடினா அது மூச்சு விட ஒரு வழி வேணும். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் செய்யிற.”

“எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யிறல்ல மேசன். ஓட்டை கீட்டை ஒண்டும் போடப்படாது.”

அவன் தலையாட்டினான். மேசன்மார் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார்கள் என்று நினைப்பவள் வீடு கட்டாதவள்.

முடி வந்த நாளிலிருந்து குசினி மாறத் தொடங்கியது. வெள்ளை டைல்ஸ் காலையில் வியர்த்திருந்தது. துடைத்த சீலையில் பழுப்பாய், சளிபோல ஒட்டியது. பிளேன்டீயின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவிக்கு முன் அந்த வாடை எழுந்தது. வாய்க்குள் வைத்த கவளம் நாக்கில் தானாக அசைவதுபோலத் தோன்றி, சிங்குக்குள் ஓங்காளித்தாள். ரிப்கா மட்டும் ஒன்றும் தெரியாதவளாய்ச் சம்பலோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள்.

“உம்மா, உங்களுக்குத்தான் வாடை. எனக்கு மல்லிகைப்பூ வாசம்தான் வருகுது.”

பதினோராம் நாள், கீழ் அலுமாரியின் பின் பலகையை நகர்த்தியபோது அகப்பட்டது. இரண்டு அங்குலப் பைப். சுவரோடு சுவராக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, வாயைத் திறந்துகொண்டு நின்றது. விளிம்பைச் சுற்றி, எச்சில் வடிந்த வாய்போல, கறுத்த கசடு.

போனில் மேசன் ஒளிக்கவில்லை. “அக்கா, கோவிக்காதீங்க. அடைச்ச கிணத்துக்கு மேல சுவர் எழுப்ப என்ட கை வராது. சின்னப் பைப்தானே. பிளேட்டைத் துளைச்சி விட்டன்.” கொஞ்சம் நிறுத்தினான். “துளைக்கக்குள்ள காத்து வெளிய வரல்ல அக்கா. உள்ளுக்குத்தான் இழுத்த.”

பழைய சாரனைக் கிழித்துப் பைப்புக்குள் திணித்து, மேலே சீமெந்து பூசினாள். மறுநாள் காலை சீமெந்துப் பூச்சு அப்படியே வட்டமாய்க் கழன்று கிடந்தது. பக்கத்தில் சாரன் துண்டு. நனைந்து, நைந்து, குழந்தை சப்பித் துப்பிய கரும்புச் சக்கைபோல.

அன்றைக்குத்தான் ஹவ்வா உம்மா முடிந்த வீட்டைப் பார்க்க வருகிறார்.

ஹவ்வா உம்மாவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. மீன்காரனின் சைக்கிள் சந்தியில் திரும்பும்போதே இன்றைய மீனா நேற்றையதா என்று சொல்லிவிடுவார். போன வருடம் மகனுக்கு இன்னொரு இடத்தில் பேசிய சம்பந்தம், பாத்ரூமில் பூஞ்சணம் மணக்கிறது என்று அந்த மூக்கால் முறிந்தது. இதுவும் முறிந்தால் ரிப்காவுக்கு இனி யார் வருவார்? பஹீமா சாம்பிராணி போட்டாள். கராம்பு அவித்தாள். தரைக்கு மருந்து ஊற்றினாள், திரைச்சீலைக்கு அத்தர் பூசினாள். வீடு கந்தூரிப் பந்தல்போல மணத்தது. அடியில் அது இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. ஹோலில் காற்றாடி சுற்றியது. ஹவ்வா உம்மா வட்டிலப்பத்தை வாயில் வைத்துவிட்டு, விழுங்காமல் நின்றார். மூக்கு இரண்டு தரம் சுருங்கியது.

“பஹீமா, பூ ஏதும் வெச்சிரிக்கீங்களா?”

“ஓம் மாமி. மல்லிகை.”

“நல்ல வாசம்.” விழுங்கினார்.

பஹீமா சுற்றிலும் பார்த்தாள். ரிப்காவைக் காணவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போனவள். குசினியிலிருந்து மெல்லிய பேச்சுச் சத்தம் வந்தது. ரிப்காவின் குரல் கேட்டது, நின்றது, மீண்டும் கேட்டது. பதில் கேட்கவில்லை. தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஏதோ மட்டும்.

போனாள்.

ரிப்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அலுமாரிக் கதவு திறந்திருந்தது. மேசன் விட்டுப்போன நைலோன் நூற்கட்டை அவள் மடியில். நூல் பைப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டை தானாகச் சுழன்றது.

“என்ன புள்ள செய்யிறாய்?”

“கயிறு கேட்டாங்க உம்மா.”

“யார்?”

“பெரியம்மா.” ரிப்கா சிரித்தாள். “மூணு நாளாக் கேட்டாங்களாம். நீங்க மேலால நிண்டு பாத்துட்டுப் போயிட்டீங்களாம். மறதியா உம்மா?”

மறக்கவில்லை. மூன்று நாள். *பஹீமா, கயிறு. பஹீமா, கயிற விடு.* கடல் வந்துபோன அன்றிலிருந்து, கிணற்றுச் சேற்றுக்குள்ளிருந்து ராத்தா. கிணற்றடித் தூணில் கயிறு கிடந்தது. பஹீமாவின் கைக்கெட்டும் தூரத்தில். நாலாம் நாள் சத்தம் வரவில்லை. நாலாம் நாள்தான் மெஷின்காரர்கள் வந்தார்கள்.

“விடு. ரிப்கா. நூல விடு.”

“விட ஏலா உம்மா.”

கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் நூலின் மறுமுனை. மூன்று சுற்று. தோலுக்குள் இறங்கியிருந்தது. “வழுக்காம இரிக்கக் கட்டச் சொன்னாங்க.”

கட்டை நின்றது. நூல் விறைத்தது. ரிப்கா அப்படியே டைல்ஸில் சறுக்கி, பைப்பருகே போய் முட்டினாள். சிரிப்பு போய்விட்டது.

“உம்மா—”

பஹீமா கத்தியைத் தேடினாள். கையில் கரண்டிதான் அகப்பட்டது.

பைப் கொப்பளித்தது. முதலில் சேறு. பிறகு முடி, கொத்தாக. பிறகு இடியப்ப உரலை அழுத்தினால் மா வருவதுபோல, வெள்ளையாய், மெதுவாய், பைப் வாயளவுக்கு உருண்டு திரண்டு வந்தது. சோப்புபோல ஊறிய சதை. தரையில் மடிந்து மடிந்து குவிந்தது. வருவது நிற்கவில்லை. குவியல் ஒரு பக்கம் பிளந்து, ஈரமாய், மூச்சை உள்ளுக்கு இழுத்தது.

“பஹீமா!” ஹோலிலிருந்து ஹவ்வா உம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. “புதுக் குசினியப் பாக்கலாமா?”

குவியலிலிருந்து ஐந்து நீட்சிகள் பிரிந்தன. எலும்பில்லாமல் துவண்டு, டைல்ஸைத் தடவித் தடவி வந்து, ரிப்காவின் கட்டுண்ட கையைப் பற்றிக்கொண்டன. அவற்றில் ஒன்றில், சதைக்குள் பாதி புதைந்து, மோதிரம் மினுங்கியது.

“பாக்கலாம் மாமி,” என்றது அது, பஹீமாவின் குரலில். “என்ட வீடுதானே. வாங்க.”