விளக்கு வைக்கும் நேரத்துச் சந்தேகம்

முன்பின் தெரியாத ஒருவனின் போனில் தன் வீட்டுக் கதவு திறந்ததைப் படித்தாள் அமுதவள்ளி.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயில். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவனின் போனில் தற்செயலாகத்தான் பார்வை விழுந்தது. ‘பஞ்சவர்ணம் ஆன்டி வீடு, கிள்ளான்’ என்று மேலே ஒரு பெயர். கீழே, ‘முன் கதவு திறந்தது’. அதற்கும் கீழே, ‘சாமி ரூமில் நடமாட்டம்’.

பஞ்சவர்ணம் அவளைப் பெற்ற அம்மா. இந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருப்பவள்.

“ஹலோ பாஸ்... எங்கம்மா வீடு உங்க போன்ல என்ன பண்ணுது?”

பாதி ரயில் திரும்பிப் பார்த்தது. அவனும் திரும்பினான். மழைத்துளி ஒட்டிய இமைகள்... பெரிய, அமைதியான கண்கள். திருடனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை உடனே ஓரங்கட்டினாள்.

“நீங்க... அமுதா மிஸ்ஸா? நான் விமலன். உங்க அண்ணன் வாசு சொல்லி, போன வாரம் உங்க வீட்டுல சென்சர் மாட்டினது நான்தான்லா.”

அம்மா வாய்க்கு வாய் சொன்ன ‘சென்சர் தம்பி’ இவன்தானா! நரைத்த தலையோடு யாரோ ஒரு அங்கிள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

“மாட்டினா போச்சு. இன்னும் ஏன் எட்டிப் பாக்குறீங்க?”

“அடுப்படியில இருக்கிற கேஸ் சென்சர், தினமும் விளக்கு வைக்கிற நேரத்துல லைன்ல இருந்து காணாமப் போயிடுது. ஏன்னு பார்க்கத்தான் இப்ப கிளம்பி வரேன்.”

“எங்கம்மா எப்பக் கதவு திறக்குறாங்கன்னு ஊர்ல ஒருத்தருக்குத் தெரியுதே, அது உங்களுக்குத் தப்பாத் தெரியலையா?”

அவன் போனை அவளிடமே நீட்டினான். “உங்க போன்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க. இது காலியாகுதான்னு நீங்களே பாருங்க.”

எடுத்தாள். அவன் போன் காலியானதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்பவள். பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளமே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் கண்ணுக்கு வெளிச்சத்தில் நிற்பவனும் பேய்தான்.

ஆனால் இந்தச் சென்சர் விஷயத்தில் அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்துபோனாள். ஒருமுறை குழம்புச் சட்டி கரியானது, இன்னொருமுறை திரைச்சீலையில் தீப்பிடித்தது. “அம்மா ஜொகூருக்கு வந்து என்கூட இருக்கட்டும்” என்று வாசு ஒற்றைக்காலில் நின்றான். அம்மாவுக்குக் கிள்ளானை விட்டு வர மனமில்லை. அமுதாவுக்கு அம்மாவை விட மனமில்லை. கடைசியில் வாசுதான் இறங்கி வந்தான். கேஸ் கசிந்தால் உடனே அமுதாவின் போனுக்குச் சேதி வர வேண்டும். அது தீபாவளி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்தால் அம்மா கிள்ளானில் இருக்கலாம்... இல்லையென்றால் ஜொகூர்.

வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கேஸ் சென்சரும் லைனில் இருந்தது. டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி பறந்துவிடுமே, அந்தக் கதை.

“வாங்க தம்பி, நனைஞ்சிட்டீங்களே... மைலோ குடிங்க” என்றாள் அம்மா.

“இதுல வயரே இல்லையே, எப்படித்தான் பேசுதாம்?” என்றாள் அமுதா, குறுக்கு விசாரணை போல.

“வாடகை வீடு, சுவத்துல ஓட்டை போட முடியாது. அதனால எல்லாம் வயர்லஸ். மெயின் பெட்டி வாசப்பக்கம் இருக்கு. அடுப்படி அங்க கடைசியில. அது பேசுறது இவ்வளவு தூரம் எட்டாது. நடுவுல ஹால்ல ஒரு வெள்ளைப் பிளக் இருக்கு பாருங்க, அதுதான் கேட்டு, எடுத்துச் சொல்லும்.”

“அப்ப நடுவுல ஒரு தரகர்!”

“தரகர் நல்லவர்தான் மிஸ்... நீங்கதான் நம்ப மாட்டீங்க.”

சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

மறுநாளும் அதே நேரத்தில் இணைப்பு அறுந்தது. அவள் போன் செய்து, அவன் வந்து சேர்வதற்குள் சரியாகிவிட்டது. அதற்கடுத்த முறையும் அப்படியே. அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், இரும்பு பீரோவை நகர்த்தினான். அம்மா வடை சுட்டாள், அவன் நட்சத்திரத்தை விசாரித்தாள். அமுதாவோ அவன் வரும் நாட்களில் தன்னையறியாமல் நல்ல சுடிதாராகப் போட்டாள். அது புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவன் வந்தால் சரியாகிறது, போனால் கெடுகிறது... எங்கோ இடிக்கிறதே!

ஒருநாள் மாலை வாசு போன் செய்தான். “இந்தச் சாமான் லாயக்கில்லை, அம்மா துணிமணியை எடுத்து வை” என்றான். அந்த ஆத்திரம் முழுவதும், பீரோவுக்குப் பின்னால் குனிந்திருந்தவன் மேல் பாய்ந்தது.

“நீங்களே கெடுத்துட்டு நீங்களே வந்து சரி பண்றீங்க. இங்க வந்து போக ஒரு சாக்கு! இதுல எங்கம்மா என்னை விட்டுப் போகப் போறாங்க, தெரியுமா?”

விமலன் நிமிர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“சாக்கு கிடைச்சா நல்லாருக்கும்னு நெனச்சது உண்மைதான் மிஸ். அதுக்காக ஒரு அம்மா தனியா இருக்கிற வீட்டுல கேஸ் சென்சரைக் கெடுக்க மாட்டேன்.”

குடையை எடுத்தான், போய்விட்டான். மேஜையில் மைலோ அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் அமுதா ஆபீஸுக்கு லீவு போட்டாள். பொழுது சாய்ந்தது. அம்மா கை கால் கழுவிக்கொண்டு வந்தாள், வாசல் கதவை அகலத் திறந்தாள், விளக்கேற்றினாள். பிறகு ஹாலுக்கு வந்து வெள்ளைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் மந்திரப் பெட்டியைச் செருகினாள். ‘ஓம் நமசிவாய’ என்று அது ஓத ஆரம்பித்தது. அமுதாவின் போன் அலறியது: ‘அடுப்படி: இணைப்பு இல்லை.’

கையும் களவுமாக மாட்டினாள் அம்மா.

“என்னம்மா பண்றீங்க!”

“ஏண்டி கத்துற? சாமி பெட்டிக்கு வேற பிளக் பாயிண்ட் எங்க இருக்கு? அந்த வெள்ளைச் சாமான் லைட்டு கூட எரியாம சும்மாதானே உக்காந்திருக்கு. மந்திரம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிடுவேன்லா.”

கடையில் வாங்கிய ஒரு எக்ஸ்டென்ஷனில் பிரச்சினை தீர்ந்தது. மந்திரப் பெட்டியும் வெள்ளைப் பிளக்கும் அக்கம்பக்கமாக அமர்ந்தன. தீபாவளிப் பலகாரம் சுட்ட வாரத்தில் ஒருநாள் கேஸ் கசிய, ரயிலில் இருந்த அமுதாவுக்கு உடனே சேதி வந்தது. அவள் போன் செய்ததும் அம்மா சிலிண்டரை மூடினாள். வாசு ஜொகூர்ப் பேச்சை விட்டான். அம்மா கிள்ளானிலேயே இருந்தாள்.

ஆனால் விமலன் வரவில்லை. எப்படி வருவான்? அவன்தான் தப்பே செய்யவில்லையே. ‘சாரி’ என்று எழுதினாள், அழித்தாள். பொல்லாத ரோஷம்... மழை பெய்த மாலைகளில் ரயிலில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அந்தக் கண்கள் எங்கும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வெளியே தூறல். மணி அடித்தது. கதவைத் திறந்தால்... குடையோடு விமலன்!

“திடீர்னு உங்க வீடு என் போனுக்குத் திரும்ப வந்துச்சு. வந்த கையோட ஹால் பிளக் போச்சு. முன் கதவு திறந்து மூடுச்சு, அது ஆன்டி வெளிய போனது. அப்புறம் ஹால்ல மட்டும் யாரோ குறுக்கும் நெடுக்குமா நடக்குறாங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இந்தத் தடவை சந்தேகப்படுறது என் முறை.”

அமுதாவின் கை முதுகுக்குப் பின்னால் போனது.

“கையில என்ன மிஸ்?”

மெதுவாக நீட்டினாள். வெள்ளைப் பிளக்.

“கேஸ் சென்சரைக் கெடுத்தீங்களா?”

“சிலிண்டரை மூடிட்டுத்தான் பிடுங்கினேன்” என்றாள் அவசரமாக. பிறகு தலை தாழ்ந்தது. “எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல... அன்னிக்கு உங்கள அப்படிப் பேசினது தப்பு. நீங்க திருடன்னு நெனச்சு இல்ல... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, அதை ஒத்துக்க பயம். அதான் சந்தேகம் சந்தேகம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

அவன் குடையை மடக்க மறந்து நின்றான். “ரயில்ல என்னைத் திட்டுனீங்களே... அன்னியில இருந்தே எனக்கும்தான்.”

“அப்ப இத்தனை நாள் ஏன் வரல?”

“நீங்கதான் என் பேரை அழிச்சிட்டீங்களே அமுதா.”

முதல் தடவையாக ‘மிஸ்’ இல்லாமல்... அவள் கண் நிறைந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

கேட் திறக்கும் சத்தம். கோயில் பிரசாதத்தோடு வாசலில் நின்ற அம்மா, அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கடைசியாக மகளின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“ஏண்டி, சாமிக்காக நான் பிடுங்குனப்ப அந்தக் கத்து கத்தினே... இப்ப நீ யாருக்காகடி பிடுங்குனே?”

அமுதா விமலனை மட்டும் பார்த்தாள்.