இரண்டாம் ராணி வேண்டாதவர்

சதுரங்கம் என்பது மனிதகுலம் தன் அறிவுக்குக் கட்டிய கோபுரம் என்பதில் மைத்துனருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கோபுரத்தின் அடிவாசலில், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் கைபேசியைத் தேய்த்தபடி, முகம் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அவர் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தைத் தேற்றிக்கொள்ள அவர் பார்க்காத காணொளி இல்லை. அவர் வேலை பார்க்கும் மின்விசிறிக் கடையில் யாராவது எந்த விசிறி நல்லது என்று கேட்டால், "முதல்ல பலகையோட நடுவைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிடும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. இணைய ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த தரப்புள்ளி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ஆகவே கடையில் விசிறி வாங்கிப் பழக்கமான பல் டாக்டர் ஒருவர் தொலைபேசியில், "உங்க அத்தான் துப்பறியறவராமே? ஒருத்தரைக் காணோம். செஸ் சம்பந்தப்பட்டது" என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காள் கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காகிதத்தில் மட்டும் கால் உடைந்தவர்களைக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

கடைசி நோயாளி போய்விட்டார். அறையில் கிராம்புத் தைல வாசனை. இருந்த ஒரே நாற்காலியில் அத்தான் உட்கார்ந்துவிட, மைத்துனர் நோயாளியின் சாய்வு இருக்கையில் பாதி படுத்த நிலையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காணாமப் போனது யாரு?" என்றார் அத்தான்.

"மாலைமேகம்."

"அது பேரா?"

"இணையத்துல வெச்சுக்கிட்ட பேர். நான் இரும்புக்கோட்டை." டாக்டர் இதைச் சொல்லும்போது மார்பைச் சற்று நிமிர்த்தினார். "கிளினிக்கைச் சாத்தினதும் உள்ளே நுழைவேன். எனக்காகக் காத்திட்டிருப்பாங்க. நான் எவ்வளவு நேரம் யோசிச்சாலும் அவசரப்படுத்த மாட்டாங்க, சார். கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்காத ஆளு நான். எனக்காக ஒருத்தர் பொறுமையா உக்காந்திருக்கிறது..." குரல் இறங்கிவிட்டது. "இப்ப வர்றதே இல்லை. உள்ளே வந்தா அவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி எரியும். தினமும் அது எரியுமான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

"பெண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"ஆட்டத்துல தெரியுமே!" என்று மைத்துனர் இருக்கையிலிருந்து எழ முயன்று வழுக்கினார். டாக்டரின் கைபேசி அவர் கையில் இருந்தது. "மந்திரியை ஓரமா நகர்த்துற நளினத்தைப் பாருங்க அத்தான். நல்லாப் படிச்ச பெண்மணி. வெளிநாடாக்கூட இருக்கலாம்."

டாக்டர் நன்றியோடு தலையாட்டினார். "கண்ணியமான ஆட்டம். முதல் ஆட்டத்துல மட்டும் ஒரு கோளாறு. அவங்களுக்கு ரெண்டு ராணி வந்துடுச்சு. தளத்துக்குக் காட்டமா ஒரு புகார் போட்டேன், பதிலே காணோம். ஆனா அவங்ககிட்ட அந்தக் கோளாறு அப்புறம் வரவே இல்லை. மத்தவங்களோட ஆடினா அடிக்கடி வருது. வந்தா நான் மரியாதையா வெளியேறிடுவேன்."

மந்திரியின் நளினத்தில் மூழ்கியிருந்த மைத்துனர் காதில் இது விழவில்லை. அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டச் சான்றிதழ்களுக்கு நடுவே ஒரு பழைய மரப்பலகை மாட்டியிருந்தது. கட்டங்களில் மைக்கறை.

"காய் எங்கே டாக்டர்?"

"எங்க வீட்டுப் பலகை அது. வீடு பிரிஞ்சப்போ பலகையை நான் விடலை, காயை அண்ணன் விடலை. லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு அவ்வளவு பிடிவாதம். இதே ஊர்தான். பேச்சுவார்த்தை இல்லை. அது இப்ப எதுக்கு?"

"சும்மா. மாலைமேகத்துக்குக் கடைசியா ஏதாவது எழுதினீங்களா?"

"நாகரிகமா ஒரு நலம் விசாரிப்பு" என்றார் டாக்டர். காது சிவந்திருந்தது.

வீடு திரும்பும் பேருந்தில் அத்தான் ஆட்ட விதிகளைக் கேட்டார். மைத்துனருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு வாய்த்ததில்லை. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து எதிர்முனையை எட்டினால் ராணியாகலாம், விரும்பினால் குதிரையாகவும் ஆகலாம் என்று விளக்கும்போது அவர் கண்ணே கலங்கியது.

"ராணி ஏற்கெனவே உயிரோட இருந்தா?"

"இருந்தா என்ன அத்தான்? ரெண்டாவது ராணி. இன்னொரு சிப்பாய் போனா மூணாவது. விதி அதானே?"

"அப்ப ரெண்டு ராணி வந்துடுச்சுன்னு டாக்டர் எதுக்கு மாப்ளே புகார் எழுதினார்?"

மைத்துனர் வாயைத் திறந்தார். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டும்வரை மூடவில்லை.

மறுநாள் மாலை டாக்டர் முன்னால் அத்தான் நிதானமாகத் தொடங்கினார்.

"உங்களுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"அண்ணன்தான்."

"சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா?"

"செத்த காய்ல ஒண்ணு உயிரோட திரும்பும். இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"அது உங்க வீட்டு விதி டாக்டர். உலகத்துக்கு வேற விதி. அங்க ரெண்டு ராணி கோளாறில்லை."

சுவரிலிருந்த சான்றிதழ்கள் எல்லாம் ஒருசேரத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல டாக்டர் நெளிந்தார். "அத்தனை ஆட்டமும் கோளாறுன்னுல்ல நினைச்சேன்..."

"அந்தத் தளத்துல யாரோட ஆட்டத்தையும் யாரும் பார்க்கலாம். ராத்திரி நானும் மாப்ளேயும் மாலைமேகத்தோட ஆட்டங்களைப் பார்த்தோம். மத்தவங்களோட ஆடும்போது அந்த ஆளு தாராளமா ரெண்டாவது ராணி எடுக்கிறார். உங்களோட முதல் ஆட்டத்திலயும் எடுத்தார். அதே ஆட்டத்துல நீங்க, ராணி உயிரோட இருக்குன்னு, செத்த குதிரையை எழுப்பினீங்க. அதுக்கப்புறம் உங்களோட மட்டும் அவரும் செத்த காயைத்தான் எழுப்பறார். ஜெயிக்கிற ஆட்டத்தைக்கூட அதனாலேயே தோத்திருக்கார். ஊர்ல எவனுக்கும் தெரியாத விதி, டாக்டர். தெரிஞ்ச ஒரே ஆளு, காய்களை வெச்சிருக்கிறவர்."

டாக்டர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அண்ணனா?" அதை மறுபடி நிமிர்த்தி, "தற்செயலாவா?" என்றார்.

"ஒரே தரத்துல இருக்கிறவங்களைத் தளம் ஜோடி சேர்க்குமாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவு மோசம். அது தற்செயல். அப்புறம் தினமும் காத்திருந்தது தற்செயல் இல்லை."

"ஏன் சொல்லலை? அண்ணன்தான்டான்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"அதைத்தான் இன்னைக்குக் காலையில போய்க் கேட்டேன். ஒவ்வொரு தடவை செத்த குதிரையை எழுப்பும்போதும் தம்பி கண்டுபிடிச்சிடுவான்னு நினைச்சாராம். ஒருநாள் உங்ககிட்டேர்ந்து நீளமா ஒரு செய்தி வந்திருக்கு. கடைசியில கண்டுபிடிச்சிட்டான்னு அவசரமா திறந்தாராம்." அத்தான் தொண்டையைச் செருமினார். "திறந்தா, 'நின் விரல் தீண்டும் குதிரையாய் நான் பிறந்திருக்கலாகாதா'ன்னு இருந்துச்சாம்."

மைத்துனர் கூரையை உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் இருக்கையின் விசையை மிதித்துவிட, அது அவரைத் தலைகீழாகச் சாய்த்தது. யாரும் கவனிக்கவில்லை.

"அதுக்கு அப்புறம் எப்படி உள்ள வர்றதுன்னு அவருக்கும் தெரியலை" என்றார் அத்தான். "வெளியே காத்திருப்போர் நாற்காலியில உக்காரச் சொல்லியிருக்கேன். உங்களுக்காகக் காத்திருக்கிறது அவருக்குப் புதுசில்லையே."

டாக்டர் எழுந்தார். உடனே உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றுவதா போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தார். கதவு தானாகவே திறந்தது. கிரீஸ் படிந்த சட்டையோடு ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"டேய், எவ்வளவு நேரம்டா யோசிப்பே?"

"வாண்ணே" என்றார் இரும்புக்கோட்டை. ஒரு கோட்டுக் கை தரையைத் தொட, ஓடிப்போய் அண்ணனின் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் வாய் நிறையச் சிரித்தார். டாக்டரும் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு பழக்க தோஷத்தில் அவர் பார்வை அண்ணனின் வாய்க்குள் போயிற்று.

முழுதும் பொய்ப்பல். வேலைப்பாட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருக்குப் போட்டியான எதிர்த்தெரு டாக்டர் கட்டியது. நன்றாகப் பொருந்தியிருந்தது.