பங்குனியில் ஒரு கல்யாணம்

ஜோதிலட்சுமி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையிலிருந்த பையை மேசைமேல் வீசிவிட்டு, "எம் பேரைக் கெடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கண்ணே. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சின்னச்சாமி நாற்காலியைக் காட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகக் காலமெல்லாம் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்றுச் சின்னமனூரில் உட்கார்ந்த பிறகும் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. பக்கத்தில் மொக்கம்மாள் இருந்தார். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காக்கியைக் கழற்றியும் கோபத்தைக் கழற்றாதவர். யார் எந்தப் பிரச்சினையோடு வந்தாலும், யாரையாவது ஓங்கி அறைந்தால் சரியாகிவிடும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

ஜோதிலட்சுமியின் நாவல் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. எல்லாம் குடும்பக் கதைகள். மாமியார் திருந்துவாள், மருமகள் பொறுப்பாள், புருஷன் தங்கமாக இருப்பான். போன வருடம் அவருக்கே அலுத்துவிட்டது. பழைய குழம்பையே எத்தனை நாள் சூடு பண்ணுவது என்று, துணிந்து ஒரு துப்பறியும் நாவலில் இறங்கினார். தனக்குத் தெரிந்த வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, தேவாரம் பக்கம் ஒரு கத்தோலிக்க ஊரில் கதையை வைத்தார். ஒரு கல்யாண விருந்தில் கொலை விழுகிறது. செத்தவளின் புருஷன் வாழைக்காய் மண்டிக்காரன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சந்தேகம் அவன் கழுத்தை இறுக்குகிறது.

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில், செல்போன் ஆப் ஒன்றில் அதே கதை தொடராக ஓடி முடிந்திருந்தது. எழுதியவன் பெயர் ஜாஸ்பர். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தான். கேட்டதற்கு, இது தங்கள் ஊர்க் கதை, தன்னோடு படித்த பெனிட்டாவிடம் எப்போதோ சொன்னேன், அவள் வழியாக அந்த அம்மா எடுத்துக்கொண்டார் என்று கூசாமல் சொல்லிவிட்டான். பெனிட்டாதான் ஜோதிலட்சுமிக்கு டைப் அடித்துக் கொடுப்பவள். ஆகவே பதிப்பாளர் பீட்டர்ராஜும் அதை நம்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மறுக்க ஆதாரம் வராவிட்டால் புத்தகத்தை நிறுத்துவதோடு, வாசகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்பாராம்.

"கொழம்பு கொதிக்கிறத எழுதுற கைக்குக் கொலை எங்கம்மா வரும்னு கேக்குறாக. எம் முகத்துக்கு நேரா கேக்குறாகண்ணே." சொல்லிவிட்டு ஜோதிலட்சுமி பையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்து வைத்துக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் ஆத்திரம் வரும். இத்தனை வருடம் அவர் எழுத்தை விற்றுத் தின்ற மனிதர் அல்லவா அந்தப் பீட்டர்ராஜ்?

"ரெண்டு கதையும் அப்படியே ஒண்ணா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

கடைசி அத்தியாயம் மட்டும் வேறு என்றார் ஜோதிலட்சுமி. ஜாஸ்பர் அந்தப் புருஷனையே கொலைகாரனாக்கி முடித்திருக்கிறான். அவருடைய முடிவு அதுவல்ல.

"திருடுனது தெரியக் கூடாதுன்னு மாத்தியிருப்பான்" என்றார் மொக்கம்மாள்.

சின்னச்சாமி ஜோதிலட்சுமி பக்கம் திரும்பினார். எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். ஜோதிலட்சுமி கையால் எழுதுவதில்லை. அடுப்படியில் நின்றபடியே அத்தியாயத்தைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கு அனுப்புவார். டைப் அடிக்கப் பெனிட்டாவுக்கு, அபிப்பிராயம் கேட்கத் தன் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டிக்கு. அவர் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். கேட்டுவிட்டு, நல்லா இருக்கு என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

சின்னச்சாமி ஜோதிலட்சுமியின் போனை வாங்கி, அந்த இரண்டு பேருக்கும் போன பதிவுகளை நிதானமாகத் தள்ளிப் பார்த்தார். மொக்கம்மாளும் எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பதிவுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன மைக் படம். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் மார்க்கையன்கோட்டையில் பெனிட்டாவின் கடைக்குப் போனார்கள். அவள் அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்பரோடு பேசியே வருடக்கணக்காகிறது என்றாள். ஊரில் பாதிப் பேர் தன்னைத் திருடிக்குத் துணை போனவள் என்று பேசுவதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. கதையில் நீ எதையாவது மாற்றினாயா என்று சின்னச்சாமி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சார். கல்யாணம் பங்குனி பொறந்த வாரத்துல நடக்குதுன்னு அக்கா பேசியிருந்தாக. எங்க ஊருல அது நடக்காது. அக்காகிட்டச் சொல்லிட்டு வைகாசின்னு மாத்தி அடிச்சேன்."

அடுத்தது ஜாஸ்பர் வீடு. அவனுக்கும் பெனிட்டாவுக்கும் ஒரே சொந்த ஊர், தேவாரம் பக்கம். தினமும் மண்டி மண்டியாகப் போய் வாழை விலை கேட்டு யூடியூபில் போடுகிறவன் அவன். தங்கை கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். தன் கதை எவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது என்று போனைத் திறந்து காட்டினான். மொக்கம்மாளின் வலது கை துறுதுறுத்தது. சின்னச்சாமியோ காபியைக் குடித்துவிட்டு, தங்கச்சி கல்யாணம் பங்குனியிலா என்று மட்டும் கேட்டார்.

"தவக்காலத்துல எப்பிடி சார்? ஈஸ்டர் கழிஞ்சுதான்" என்றான் ஜாஸ்பர்.

வெளியே வந்ததும் மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"அது ஒண்ணுதான் வேண்டியிருந்துச்சு" என்றார் சின்னச்சாமி.

வெள்ளிக்கிழமை காலை, ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஈஸ்வரபாண்டியின் மண்டியிலேயே எல்லோரையும் கூட்டினார். வாழைத்தார்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பீட்டர்ராஜ் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்பர் கால்மேல் கால் போட்டிருந்தான். பெனிட்டா அவன் முகத்தில் விழிக்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரபாண்டி எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். ஜோதிலட்சுமி உட்காரவே இல்லை.

சின்னச்சாமி பீட்டர்ராஜைப் பார்த்துப் பேசினார். "ஜாஸ்பர் கதையில கல்யாணம் எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா?"

பீட்டர்ராஜுக்கு இல்லை.

"பங்குனி பொறந்த வாரம். மாதா கோயில்ல தாலி கட்டி, ஊருக்கே ஆட்டுக்கறி விருந்து. நீங்களும் கோயிலுக்குப் போறவக. நடக்குமா?"

பீட்டர்ராஜ் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாள் நோன்பு. கல்யாணமும் கிடையாது, விருந்தும் கிடையாது. ஜாஸ்பர் தங்கச்சி கல்யாணமே அதுக்காகத்தான் தள்ளிப் போயிருக்கு. அந்தத் தப்ப ஒரு கத்தோலிக்கன் பண்ண மாட்டான். ஆடியும் மார்கழியும் ஆகாது, பங்குனி நல்ல மாசம்னு நெனைக்கிற வீட்டுல பொறந்தவகதான் பண்ணுவாக." அவர் ஜோதிலட்சுமியைப் பார்த்தார். "நீங்க அப்பிடித்தான நெனச்சீக?"

"ஆமாண்ணே. ஆடிய ஒதுக்குனேன், மார்கழிய ஒதுக்குனேன். அவுகளுக்கு வேற கணக்கு இருக்கும்னு தோணல."

"கதை ஜாஸ்பர்கிட்டயிருந்து பெனிட்டா வழியா வந்திருந்தா, அந்தத் தப்பு அதுல பொறந்தே இருக்காது. பெனிட்டா அடிச்ச பிரதியில வைகாசி, பேசுன பதிவுல மட்டுந்தான் பங்குனி. அதக் கேட்டபடியே இவன் அடிச்சிருக்கான். யோசிக்கக்கூட இல்ல."

ஜாஸ்பர் காலைக் கீழே இறக்கினான். மொக்கம்மாள் தன் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். அப்படியானால் குரல் பதிவை அவனுக்குக் கொடுத்தது பெனிட்டாதானே என்று அவர் அவசரப்பட்டார். சின்னச்சாமி இல்லையென்று தலையசைத்தார்.

"பெனிட்டா குடுத்திருந்தா கடைசி அத்தியாயமும் போயிருக்கும். இவன் முடிவ மாத்தல, மொக்கம்மா. இவங்கிட்ட முடிவே இல்ல. அதான் சொந்தமா எதையோ ஒட்டியிருக்கான். குடுத்தவருக்கும் முடிவு தெரியாது."

அவர் ஜோதிலட்சுமியின் போனை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். நாம் அனுப்பும் பதிவை அந்தப் பக்கம் உள்ளவர் கேட்டுவிட்டால் மைக் படம் நீலமாகும், கேட்காதவரை சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்று விளக்கினார். பெனிட்டாவுக்குப் போனதில் எல்லாமே நீலம். இன்னொருவருக்குப் போனதில், கடைசி அத்தியாயம் மட்டும் இன்றைக்கு வரை சாம்பல் நிறம்.

"அந்த இன்னொருத்தர் யாருன்னு நான் சொல்லணுமா?" என்றார் சின்னச்சாமி.

ஈஸ்வரபாண்டி, யாரும் எடுக்காத டீ கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி அவரையே பார்த்தார். புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் முகம் கறுத்துப் போனது.

"இவரு சொல்றது உண்மையா?"

ஈஸ்வரபாண்டி தட்டைக் கீழே வைத்தார். "மண்டிக்காரன் பொண்டாட்டியக் கொல்றான்னு நீ எழுதுனா ஊரு யாரப் பாக்கும்? இங்கன நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிச்சா நான் எங்கன போயி மூஞ்சிய வைக்கிறது? அவனப் போலீசு புடிக்கிற வரைக்கும் கேட்டேன். அதுக்குமேல கேக்கப் புடிக்கல. வேற ஒருத்தன் பேர்ல வந்துட்டா நம்ம வீட்டோட யாரும் சேத்துப் பேச மாட்டாகன்னு, தெனம் மண்டிக்கு வெல கேக்க வர்ற இவங்கிட்ட அனுப்பிவிட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எழுதுறத நிறுத்திருவியாக்கும்?"

"அவன் கொலகாரன் இல்ல." ஜோதிலட்சுமியின் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது. "கடைசி அத்தியாயத்துல அவன் நிரபராதின்னு ஆகுது. ஊரே அவனச் சந்தேகப்பட்டாலும், செத்துப் போன பொண்டாட்டி அவன எம்புட்டு நம்புனான்னு சொல்லித்தான் முடிச்சிருக்கேன். அதக் கேக்க ஒங்களுக்குப் பொறுமை இல்ல. போகட்டும். ஊரு என்னையத் திருடின்னு சொன்னப்ப எதுத்தாப்புல ஒக்காந்து எங் கையால சோறு வாங்கித் தின்னீக. அதுக்கு மட்டும் பொறுமை இருந்துச்சு."

ஈஸ்வரபாண்டி தட்டை மறுபடி கையில் எடுத்தார். அவர் என்ன சொல்லியிருந்தாலும் அந்த இடத்தில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

நழுவப் பார்த்த ஜாஸ்பரை மொக்கம்மாள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அங்கேயே அவன் ஆப்பில் கதையை அழித்துவிட்டு, கதை யாருடையது என்பதையும் பெனிட்டாவுக்கு இதில் பங்கில்லை என்பதையும் தன் பெயரிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. பெனிட்டா அதை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

பீட்டர்ராஜ் எழுந்து வந்து கை கூப்பினார். தவறு தன்னுடையதுதான் என்றார், நாளைக்கே அச்சுக்கு அனுப்புகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்கு வியாபாரப் புத்தி போகவில்லை. கொலை, சந்தேகம் எல்லாம் உங்களுக்கு எதற்கம்மா, தீபாவளிக்குப் பழையபடி நல்லதாக ஒரு குடும்பக் கதை எழுதிக் கொடுங்கள், வாசகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

ஜோதிலட்சுமி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"குடும்பக் கதை எனக்கு எழுதத் தெரியாது சார். இத்தன வருசமாத் தெரியாமத்தான் எழுதியிருக்கேன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சது. கொலக் கதை வேணும்னா கேளுங்க, எழுதித் தர்றேன்."