கரடி வேஷம்

பல வருடமாகப் பூட்டிக் கிடந்த உடை மாற்றும் அறையில், கொக்கியில் தொங்கிய கரடி வேஷம் மட்டும் ஈரமாக இருந்தது. மற்ற உடுப்புகளெல்லாம் காய்ந்து, தூசி படிந்து, எலி கடித்துக் கிடந்தன. உள்துணியைத் தொட்ட விரலை அவள் மோந்து பார்த்தாள். புளித்த வியர்வை. அதுவும் வெதுவெதுப்பாக.

"வேணாங்க, யாரோ இப்பதான் போட்டுக் கழட்டியிருக்காங்க."

"கூரை ஒழுகியிருக்கும்," என்றான் கணவன். "அடுத்த வாரம் இந்தப் பூங்காவையே இடிக்கப் போறாங்க. ஒரே ஒரு போட்டோ. உன்னை மடக்கினதே இந்தக் கரடிதானே!"

பக்கத்து அறைக்குச் சட்டையைக் கழற்றப் போனான்.

அவன் சொன்னது உண்மைதான். இருவரும் இங்கே வேலை பார்த்தபோது முறை வைத்துக் கரடி வேஷம் போட்டவர்கள். ஜிப் முதுகில் இருக்கும். துணைக்கு வருபவர்தான் அதை இழுத்து மூட வேண்டும், திறக்க வேண்டும். தலையை மாட்டியபின் கரடி வாய் திறக்கக் கூடாது, குழந்தைகள் மிரண்டுவிடும். வெளியே வர வேண்டுமென்றால் துணையின் உள்ளங்கையில் மூன்று தட்டு. அவன் மூன்றாவதை மட்டும் அழுத்தித் தட்டுவான்.

நாற்றம் தாங்காமல் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கினாள். திரும்பியபோது கரடி முதுகைக் காட்டி நின்றது. வியர்த்த முதுகை யார் பார்ப்பது? பழைய பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. கொழகொழவென்று சதை.

"ஐயோ, வலிக்குதா?"

கரடி பேசவில்லை. இப்போதும் இந்த மனுஷனுக்கு என்ன வீம்பு என்று எரிச்சலோடு இழுத்து மூடினாள். விரலில் ஒட்டியதைச் சுவரில் தேய்த்தாள். போகவில்லை.

கரடிக்குக் கண் சரியாகத் தெரியாது. கையைப் பிடித்து, பாசி நாறும் குளத்தைச் சுற்றி, துருப்பிடித்த குதிரை ராட்டினம் வரை அழைத்துப் போனாள். பிடித்த கையிலிருந்து ஏதோ கசிந்து அவள் முழங்கை வரை வழிந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய்!" அறைப் பக்கமிருந்து கணவனின் குரல். "கரடியை எங்கடி தூக்கிட்டுப் போனே? சட்டையில்லாம நிக்கிறேன், கொசு புடுங்குது!"

அவள் கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளங்கையில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் ஒரே மாதிரி.

கணவன் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"அட, உள்ள யாரு? பாவம், தட்டுறாரே, திறந்து விடேன்."

வராதீங்க என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் கை, பழக்க தோஷம், ஜிப்புக்குப் போய்விட்டது.

சர்ரென்ற சத்தம். அழுகல் வாடை. கரடியின் தோளுக்கு மேலே அவன் முகம் சுருங்கியது.

"உள்ள ஆளே இல்லடி. வெறும் தோலு... இது மூச்சு..."

சப்பென்று ஒரு சத்தம். அவன் முகம் அங்கே இல்லை. கரடி உப்பியது. குலுங்கியது. அடங்கியது.

பிடி தளர, அவள் கரடிக்குப் பின்னால் பாய்ந்து முதுகைத் தடவினாள். ஜிப் இல்லை. ஈர ரோமம். அதற்கடியில் சூடு.

கரடி மெல்லத் திரும்பி அவள் கையை எடுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது, அழுத்தி.